அமெரிக்காவில் சின்ன ஊர் பார் ஒன்றில், யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்து மேடையேறலாம் என்கிற ஓபன் மைக்கில் ஏறி ஸ்டாண்ட்-அப் காமெடி செய்வது எப்படி இருக்கும்?

அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் யாரும் உங்களைப் பார்க்க வரவில்லை. இது தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

நான் இருப்பது இலினாய் மாநிலத்தில், மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். ஓபன் மைக் பெரும்பாலும் செவ்வாய், புதன் மாதிரி வியாபாரம் படுத்துக் கிடக்கும் நாளில்தான் நடக்கும். பார்க்காரருக்கு நாலு பீர் கூடுதலாக விற்றால் போதும். மேலே டிவியில் மேட்ச் ஓடும். சரியாக நீங்கள் பஞ்ச்லைனை, அதாவது ஜோக்கில் சிரிப்பு வரவேண்டிய கடைசி வரியை, நெருங்கும்போது பூல் டேபிளில் எவராவது பந்தை அடித்துச் சிதறவிடுவார்.

முறை எளிது. சீக்கிரம் போய்த் தாளில் பெயர் எழுத வேண்டும். ஆளுக்கு 3 முதல் 5 நிமிடம். நேரம் முடியப் போகிறது என்றால் தொகுப்பாளர் பின்னால் நின்று செல்போன் டார்ச்சைக் காட்டுவார். அதைக் கண்டும் காணாத மாதிரி பேசிக்கொண்டே இருப்பவரை மற்ற காமெடியன்களுக்கு அறவே பிடிக்காது.

சிகாகோ மாதிரி நகரத்து ஓபன் மைக்குகளில் எதிரே இருப்பவர்கள் பெரும்பாலும் தங்கள் முறைக்குக் காத்திருக்கும் காமெடியன்களே. அவர்கள் உங்களைக் கவனிப்பதில்லை, நோட்டைப் பார்த்துத் தங்கள் வரிகளை முணுமுணுத்துக்கொண்டிருப்பார்கள். இங்கே இருப்பது வேலை முடிந்து குடிக்க வந்த கூட்டம். சிரித்தால் அது அசல் சிரிப்பு. ஆனால் நகரத்தில் ஒரே இரவில் இரண்டு, மூன்று இடங்களில் ஏறி அதே ஐந்து நிமிடத்தைத் தேய்த்துத் தேய்த்துச் சரிசெய்யலாம். இங்கே அடுத்த வாரமும் அதே முகங்கள். பழைய ஜோக்கை எடுத்தால் பஞ்ச்லைனை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

அதனால் இந்தியர்களின் உச்சரிப்பு, கால் சென்டர், கறி வாசனை வகையறா ஜோக்குகள் ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது. எனக்கு அது பிடிக்கவும் இல்லை. அவர்கள் ஏற்கெனவே நம்மைப் பற்றி நினைத்திருப்பதை நாமே போய்ச் சொல்ல மைக் எதற்கு?

எனக்குக் கைகொடுத்தது இனிஷியல். நம் வழக்கத்தால் இங்குள்ள ஆவணங்களில் என் லாஸ்ட் நேம், அப்பாவின் பெயர். பேங்க், ஆஸ்பத்திரி, எல்லா இடத்திலும் மிஸ்டர் போட்டு அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். இனிஷியல் என்றால் என்ன என்று விளக்கி முடிப்பதற்குள் பாரில் எல்லாத் தலையும் டிவி பக்கம் திரும்பிவிடும். எனவே கடைசியில் இருந்ததை முன்னால் கொண்டுவந்தேன்: “எங்கப்பா அமெரிக்கா வந்ததே இல்ல. ஆனா இங்க அவர் பேர்ல ரெண்டு கிரெடிட் கார்டு, ஒரு ஓவர்ஸ்பீடு டிக்கெட்.” திரும்பிப் பார்த்தார்கள். காரணத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டு, “ஊர்ல அவரை எதிர்த்துப் பேச ஆள் கிடையாது. இங்க போலீஸ்காரர் ரோட்டோரமா நிறுத்தி, அவர் பேரைச் சொல்லியே திட்டுறார். எனக்கு எவ்ளோ சந்தோஷம் தெரியுமா!” மேடையில் ஆங்கிலம்தான். ஆனால் அப்பாவுக்குப் பயப்படுவது இலினாயிலும் செல்லுபடியாகிறது.

குறுக்கே பேசுபவர்கள்? சின்ன ஊரில் பெரும்பாலும் வம்புக்கு வருவதில்லை. தன்னிடம்தான் பேசுகிறீர்கள் என்று நினைத்து, “எங்கப்பாவும் அப்படித்தான்” என்று ஒருவர் தொடங்கிவிடுவார். அவரை மட்டம் தட்டினால் பாரே அவர் பக்கம் சாய்ந்துவிடும், தினமும் வருகிற ஆள் இல்லையா. நான் ஒரு கேள்வி கேட்டுப் பேசவிடுவேன். சில நாள் என் ஜோக்கைவிட அவர் பதிலுக்குத்தான் சிரிப்பு அதிகம்.

எச்1பி என்ற வேலை விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு தகவல். ஓபன் மைக்கில் காசு கிடையாது. கொஞ்சம் பெயர் வந்ததும் பக்கத்து ஊர் நிகழ்ச்சிக்கு 20 டாலர் தருகிறேன் என்று கூப்பிடுவார்கள். விசா எடுத்துக்கொடுத்த நிறுவனத்தைத் தவிர வேறு இடத்தில் வேலை செய்து சம்பாதிக்க அந்த விசாவில் அனுமதி இல்லை. என்னை அப்படிக் கூப்பிட்டவரிடம் வேண்டாம் என்றேன். பேரம் பேசுகிறேன் என்று நினைத்து, அந்த மனிதர் 30 டாலருக்கு ஏற்றினார்.