கரேராவா, ஜிடி3-ஆ? உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

போர்ஷே 911 கரேராவையும் அதன் பந்தயத் தட வடிவமான ஜிடி3-ஐயும் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். வந்து குவிந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன். என்னைப் பற்றி இரண்டு வரி: ஸ்டுட்கார்ட் அருகே வாகன சஸ்பென்ஷன் சோதனைதான் என் தொழில். சொந்தமாக ஒரு கரேரா வைத்திருக்கிறேன். நண்பர் ஒருவரின் ஜிடி3-ஐ இரண்டு கோடைகாலம் சாலையிலும் தடத்திலும் ஓட்டும் வாய்ப்புக் கிடைத்தது. வேறு தலைமுறை என்று சொல்லாத இடங்களில் எல்லாம் 2019-இல் வந்த கரேராவையும் 2021-இல் வந்த ஜிடி3-ஐயும்தான் குறிப்பிடுகிறேன்.

கேள்வி: அண்ணா, இரண்டும் 911 தானே? பின்னால் ஒரு இறக்கையை மாட்டிவிட்டுக் கூடுதல் விலை வாங்குகிறார்கள் என்கிறான் என் நண்பன். உண்மையா?

இல்லை தம்பி. ஜெர்மனியில் அறிமுகமானபோது கரேராவின் விலை 1,04,655 யூரோ. ஜிடி3-இன் விலை 1,70,969 யூரோ. இந்த இடைவெளியில் இறக்கையின் பங்கு சிறியது. முதலில் என்ஜினே வேறு. கரேராவில் இருப்பது 3 லிட்டர், காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் இரண்டு டர்போ, 385 குதிரைத்திறன். ஜிடி3-இல் டர்போவே கிடையாது; 4 லிட்டர், 510 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 9,000 சுழற்சி வரை போகும். ஏறக்குறைய இதே என்ஜினைத்தான் ஜிடி3 கப் பந்தயக் காரிலும் பொருத்துகிறார்கள். முன் சஸ்பென்ஷன், பிரேக், எண்ணெய் ஓட்டம், கியர்பெட்டி எல்லாமே வேறு. 1999-இல் முதல் ஜிடி3 பிறந்ததே பந்தயத்தை மனத்தில் வைத்துத்தான். உங்கள் நண்பர் ஒருமுறை காரைத் தூக்கி அடியில் பார்த்தால் போதும்.

கேள்வி: முறுக்குவிசை கரேராவுக்கு 450 நியூட்டன் மீட்டர், ஜிடி3-க்கு 470. வித்தியாசம் வெறும் 20. பிறகு 125 குதிரைத்திறன் எங்கிருந்து கூடுகிறது?

நல்ல கேள்வி. இரண்டு பேர் கிணற்றில் தண்ணீர் இறைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இருவர் வாளியும் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஆனால் ஒருவர் நிமிடத்துக்குக் கூடுதல் தடவை இழுக்கிறார். தொட்டியில் யாருடைய தண்ணீர் அதிகம் சேரும்? முறுக்குவிசை என்பது வாளி. சுழற்சி என்பது எத்தனை முறை இழுக்கிறோம் என்பது. குதிரைத்திறன் என்பது தொட்டியில் சேரும் தண்ணீர்.

கணக்குப் போட்டால் தெளிவாகிவிடும். கரேரா தன் 385 குதிரைத்திறனை 6,500 சுழற்சியில் தருகிறது. அந்த இடத்தில் முறுக்குவிசை சுமார் 416. ஜிடி3 தன் 510-ஐ 8,400-இல் தருகிறது. அங்கே முறுக்குவிசை சுமார் 426. வாளி ஒன்றுதான், இழுக்கும் வேகம்தான் வேறு. அந்த வேகத்தில் வால்வுகள் தடம் புரளாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே, வால்வு இடைவெளியைத் தானாகச் சரிசெய்யும் எண்ணெய் அழுத்த அமைப்பை எடுத்துவிட்டு, தொழிற்சாலையிலேயே ஒருமுறை அளந்து பொருத்திவிடும் விறைப்பான அமைப்பை வைத்திருக்கிறார்கள். ஆறு சிலிண்டருக்கும் காற்றை அளந்து விடும் தனித்தனித் திராட்டில். மிதியைத் தொட்ட கணத்தில் என்ஜின் பதில் சொல்வது அதனால்தான்.

சாலையில் இதன் பொருள் வேறு. கரேரா தன் 450-ஐ 1,950 சுழற்சியிலிருந்தே கொடுத்து 5,000 வரை தளராமல் வைத்திருக்கும். ஒரு கிராமத்தைக் கடந்து வெளியே வருகிறீர்கள், முன்னால் டிராக்டர் போகிறது. கரேராவில் கியரைத் தொடாமலே முந்திவிடலாம். ஜிடி3-இல் இரண்டு கியர் இறக்க வேண்டும். அதன் உச்ச முறுக்குவிசை 6,100-இல்தான் வருகிறது. இங்குள்ள கிராமப்புறச் சாலைகளில் வேக வரம்பு 100 கி.மீ.; இரண்டாம் கியரில் 9,000-ஐத் தொடும் முன்பே ஜிடி3 அதைத் தாண்டிவிடும். அந்த என்ஜினின் மிக அழகான பகுதியைச் சட்டப்படி இந்தச் சாலைகளில் முதல் கியரைத் தாண்டிக் கேட்க முடியாது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

கேள்வி: 0 – 100 வேகத்தில் ஜிடி3 எவ்வளவு முன்னால் இருக்கிறது?

கையால் கியர் போடும் ஜிடி3-க்கு 3.9 வினாடி. கரேராவின் கூடுதல் திறனுள்ள வடிவமான கரேரா எஸ்ஸுக்கு, தானியங்கி கியரோடு, 3.7. இந்த எண்ணை வைத்து முடிவெடுக்க நினைத்தால் கேள்வியே தவறு. தானியங்கி ஜிடி3 3.4-இல் போய்விடும் என்றாலும், அதற்காக அதை யாரும் உருவாக்கவில்லை.

கேள்வி: நான் கோவையில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஜிடி3-இன் முன்பக்கத்தில் டபுள் விஷ்போன் என்று எல்லோரும் புகழ்கிறார்களே, மெக்பெர்சனில் என்ன குறை?

இது என் தொழில் சார்ந்த கேள்வி. கொஞ்சம் நீட்டித்தே சொல்கிறேன்.

கரேராவில் மெக்பெர்சன் அமைப்பு. இதில் அதிர்வைத் தாங்கும் டேம்பரே சக்கரத்தின் மேல் பிடியாகவும் இருக்கிறது. ஒரே ஆளுக்கு இரண்டு வேலை. நேராகப் போகும்போது சிக்கல் இல்லை. வளைவில் சக்கரத்தைப் பக்கவாட்டாகத் தள்ளும் விசை டேம்பரின் தண்டு வழியாகத்தான் மேலே ஏறுகிறது. தண்டு நூலிழை அளவு வளையும். உள்ளே அது வழிகாட்டியோடு உரசும். சக்கரம் மேலும் கீழும் தடையின்றி அசைய வேண்டிய அதே நொடியில் டேம்பர் சற்றே பிடித்துக்கொள்கிறது. ஆய்வகத்தில் பக்கச் சுமை ஏற்றி இதை அளந்திருக்கிறேன். சுமை கூடக் கூட, தண்டு அசையத் தொடங்கத் தேவைப்படும் விசையும் கூடிக்கொண்டே போகும்.

டபுள் விஷ்போனில் மேலே ஒரு கை, கீழே ஒரு கை. பக்கவாட்டு விசையை அந்த இரண்டும் வாங்கிக்கொள்ளும். டேம்பருக்கு மேலும் கீழும் போவது மட்டுமே வேலை. கார் சாயும்போது டயர் எந்தக் கோணத்தில் தரையை மிதிக்க வேண்டும் என்பதையும் வடிவமைப்பாளர் இன்னும் நன்றாகக் கட்டுப்படுத்த முடிகிறது. போர்ஷேயின் 911 ஆர்எஸ்ஆர் பந்தயக் காரிலிருந்து வந்த இந்த யோசனையைச் சாலையில் ஓடும் 911-க்கு முதன்முதலில் கொண்டுவந்தது இந்த ஜிடி3தான்.

உணர்வில் எப்படி இருக்கும்? ஜெர்மனியின் நியூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தின் வடக்குச் சுற்றான வடக்குத் தடத்தில் கருசெல் என்று ஒரு வளைவு. கிண்ணத்தின் விளிம்பு போலச் சரிந்த கான்கிரீட் பலகைகள். இரண்டு பலகைக்கு நடுவே ஓர் இடைவெளி. கரேராவில் அங்கே இறங்கினால் ஒவ்வொரு இணைப்பிலும் ஸ்டீயரிங் லேசாகத் தலையசைக்கும். கை அதைத் திருத்திக்கொண்டே இருக்கும். ஜிடி3-இல் அதே இணைப்புகளை உள்ளங்கையில் ஒவ்வொன்றாக எண்ணலாம், ஆனால் கார் பிடித்த கோட்டை விட்டு விலகாது. முதல் முறை அதை உணர்ந்தபோது, வேகத்தைக் குறைத்து ஓரமாக வந்து, மறுபடி ஒரு சுற்றுப் போனேன், அந்த ஒரு வளைவுக்காக மட்டும்.

கேள்வி: வடக்குத் தடத்தில் கரேரா எஸ் 7 நிமிடம் 25 வினாடி, ஜிடி3 ஏழு நிமிடத்துக்குள். நாங்கள் ஓட்டினாலும் இந்த வித்தியாசம் தெரியுமா?

ஜிடி3-இன் 6:59.927 என்பது 20.8 கி.மீ. முழுச் சுற்றில் போர்ஷேயின் சோதனை ஓட்டுநர் லார்ஸ் கெர்ன் ஓட்டிய நேரம். அவர் அந்தத் தடத்தைத் தன் வீட்டுத் தெருவைப் போல அறிந்தவர். போட்டிருந்தது கூடுதல் பிடிப்புள்ள கப் 2 ஆர் டயர். நாம் ஓட்டும்போது சுற்று நேரத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் நாம்தான். பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நாள்களில் அங்கே சாலை விதிகள்தான் நடைமுறையில் இருக்கும். நேரம் எடுக்க அனுமதியும் இல்லை.

ஆனால் வேறு ஒரு வித்தியாசம் நமக்கும் தெரியும், அதுதான் ஜிடி3-இன் உண்மையான மதிப்பு என்று நினைக்கிறேன். இரண்டாவது சுற்றில் எப்படி இருந்ததோ, பதினைந்தாவது சுற்றிலும் அது அப்படியே இருக்கும். கரேராவின் முன் பிரேக் வட்டு 330 மி.மீ., ஜிடி3-இல் 408. நீண்ட வளைவுகளில் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கினாலும் பம்புக்குத் தட்டுப்பாடு வராதபடி தனி எண்ணெய்த் தொட்டி. எல்லாமே வெப்பத்தை எதிர்பார்த்துச் செய்தவை.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பிரேக் திரவத்தை மாற்றாமல் தள்ளிப்போட்டபடியே என் கரேராவை ஒரு ஜூலை மாதம் தடத்துக்குக் கொண்டுபோனேன். ஆறாவது சுற்றில் மிதி வழக்கத்தைவிட ஒரு விரற்கடை கீழே இறங்கியது. அடுத்த வளைவில் இன்னும் கீழே. பழைய திரவம் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். சூட்டில் அது கொதித்துக் குமிழி விட்டால், மிதிக்கிற அழுத்தமெல்லாம் குமிழியை நசுக்கவே போய்விடும். கியரை இறக்கி, மெதுவாக வெளியே வந்து, நிறுத்தாமல் இன்னும் பத்து நிமிடம் சாலையில் உருட்டிக் குளிரவைத்தேன். தவறு என்னுடையது, காருடையது அல்ல. கரேராவைத் தடத்துக்குக் கொண்டுபோகிறவர்கள் கொதிநிலை கூடிய புதிய திரவம், தடத்துக்கேற்ற பிரேக் பேட், நான்கைந்து சுற்றுக்கு ஒரு முறை ஒரு குளிர்விக்கும் சுற்று, இந்த மூன்றையும் கைவிடாதீர்கள்.

கேள்வி: இறக்கையைக் கூடுதலாகச் சாய்த்து வைத்து தினமும் ஓட்டலாமா?

கூடாது. இறக்கைக்கும், காரின் அடியில் காற்றோட்டத்தைச் சீர்படுத்தும் முன்பக்க டிஃப்யூசருக்கும் நான்கு நிலைகள் உண்டு. கடைசி நிலை தடத்துக்கு மட்டும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும், பின்னால் மட்டும் அழுத்தம் கூடினால் முன்பக்கம் பிடிப்பிழக்கும். அதே போல, தடத்துக்கான கப் 2 டயர் குளிரிலும் மழையிலும் எளிதில் வழுக்கும். நவம்பர் காலையில் நண்பரின் காரை எடுக்கும்போது முதல் பத்து கிலோமீட்டர் வலது காலை மிகக் கவனமாக வைத்திருப்பேன்.

கேள்வி: வணக்கம் அண்ணா. இரண்டு சின்னக் குழந்தைகள், மாதம் ஒரு நாள் தடம். எதை எடுக்கலாம்?

ஜிடி3-இல் பின் இருக்கையே இல்லை, தங்கச்சி. கரேராதான்.

கேள்வி: ஐயா, நான் சென்னை. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஓட்ட ஆசை. ஜிடி3 இங்கே தாங்குமா?

தடத்தில் தாராளமாகத் தாங்கும். வீட்டிலிருந்து தடம் வரை போவதில்தான் கவனம் வேண்டும். முன்பக்கத்தை உயர்த்தும் வசதியைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் நம் வேகத்தடைகளில் முன் உதடு தேயாமல் ஒரு நாள்கூடக் கழியாது. மற்றபடி 3.7 கி.மீ. நீளமுள்ள அந்தத் தடத்தில், நல்ல பிரேக் திரவத்தோடு ஒரு கரேரா எஸ் கொடுக்கும் மகிழ்ச்சி துளியும் குறைவல்ல. முதலில் அதில் இரண்டு ஆண்டு ஓட்டுங்கள்.

கேள்வி: இரண்டுக்கும் நடுவே ஏதாவது உண்டா? கரேரா டி, ஜிடி3 டூரிங் என்று குழப்புகிறார்கள்.

டூரிங் என்பது முழு ஜிடி3. பெரிய இறக்கை மட்டும் இல்லை. என்ஜின், சஸ்பென்ஷன் எல்லாம் அதேதான். கரேரா டி மறுபக்கம் நிற்பது: அதே 385 குதிரைத்திறன் டர்போ என்ஜின், கையால் போடும் கியர், எடை 1,470 கிலோ. தடத்துக்கே போகாமல், மலைப் பாதையில் கியர் போட்டு ஓட்டும் சுகம் மட்டும் வேண்டுபவர்களுக்கு கரேரா டி போதும். நானும் இன்று வாங்குவதாக இருந்தால் அதைத்தான் வாங்குவேன். ஜிடி3-இன் மேல் எனக்கு இவ்வளவு பிரியம் இருந்தும், என் ஆண்டில் தட நாள்கள் ஐந்தாறுதான்.

கேள்வி: பழைய ஜிடி3 வாங்கலாம் என்றிருக்கிறேன், 2014 மாடல். என்ன பார்க்க வேண்டும்?

அந்த ஆண்டு நடந்தது தெரிந்திருக்க வேண்டும். பிஸ்டனைச் சுழல்தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் திருகு தளர்ந்து இரண்டு கார்கள் தீப்பிடித்ததால், அதுவரை வெளிவந்த 785 கார்களையும் திரும்ப அழைத்து என்ஜினையே மாற்றிக் கொடுத்தார்கள். அந்த மாற்றத்துக்கான பதிவு சர்வீஸ் ஆவணத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வண்டியில் தானியங்கி கியர் மட்டும்தான் வந்தது.

கையால் கியர் போடும் ஜிடி3 எதை வாங்கினாலும் இன்னொன்று முக்கியம். ஐந்திலிருந்து நான்குக்கு இறக்கப் போய்த் தவறி இரண்டில் விழுந்தால், சக்கரமே என்ஜினை வரம்புக்கு மேல் சுழற்றிவிடும். எந்த மின்னணுக் கட்டுப்பாடும் அதைத் தடுக்க முடியாது. எத்தனை முறை, எந்த அளவுக்கு வரம்பு மீறியது, என்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியபோது நடந்தது என்பதையெல்லாம் காரின் கணினி ஆறு நிலைகளாகப் பிரித்துக் குறித்துவைக்கிறது. முதல் மூன்று நிலைகளில் எண்கள் இருந்தால் பயப்பட வேண்டாம். தடத்தில் ஓடிய காரில் அது இயல்பு. நான்கு, ஐந்து, ஆறில் பதிவு இருந்தால், அதற்குப் பிறகு என்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பார்த்து, விவரம் அறிந்த மெக்கானிக்கிடம் என்ஜினைத் திறக்காமல் சோதிக்கக் கூடியதையெல்லாம் சோதித்த பிறகே பேச்சைத் தொடங்குங்கள். அந்தப் பதிவின் தாளைக் காட்டத் தயங்குகிறவரிடம் முன்பணம் கொடுக்க வேண்டாம்.