85 என்று சொல்லிவிட்டேன், இனி என்ன செய்வது?

கேள்வி: எட்டு மாதமாக விலைபோகாமல் இருக்கும் ஒரு வீட்டைப் பார்த்தோம். உரிமையாளர் 100 கேட்டார் (உண்மைத் தொகையை எழுதாமல் இப்படிக் கணக்கு வைத்துக்கொள்கிறேன்). மேல்தளத்தில் நீர்க்கசிவு இருக்கிறது. பிறகு அவராகவே, "92 என்றால் முடித்துக்கொள்ளலாம், ஞாயிறு வரை வேறு யாரிடமும் பேசமாட்டேன்" என்று வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினார். நான் "85 தருகிறோம்" என்று பதில் போட்டேன். நான்கு நாளாகப் பேச்சில்லை. இன்னும் குறைத்துக் கேட்கலாம் என்கிறார் கணவர். கைவிட்டுப் போய்விடும், 92க்கே ஒத்துக்கொள் என்கிறாள் அக்கா. நாளைக்கே அட்வான்ஸ் கொடுங்கள் என்கிறார் தரகர். எவ்வளவு சொல்வது சரி? பத்திர நகல் இணைத்திருக்கிறேன்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: நாளைக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள் அம்மா. காரணத்தைச் சொல்கிறேன்.

உங்கள் அக்கா சொல்லும் 92 இப்போது உங்கள் கையில் இல்லை. நீங்கள் 85 என்றவுடனேயே, சட்டத்தின் கண்ணில் அந்த 92ஐ மறுத்துவிட்டீர்கள். ஹைட் எதிர் ரெஞ்ச் என்ற 1840ஆம் ஆண்டு இங்கிலாந்து வழக்கை ஒப்பந்தச் சட்டம் படிக்கிற எவரும் முதலில் படிப்பார்கள். பண்ணை ஒன்றை 1,000 பவுண்டுக்குத் தருகிறேன் என்றார் ரெஞ்ச். ஹைட் 950 என்றார். ரெஞ்ச் மறுத்ததும், சரி, 1,000க்கே வாங்கிக்கொள்கிறேன் என்றார் ஹைட். ஒப்பந்தம் எதுவும் ஏற்படவில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. எதிர்விலை சொன்னதோடு பழைய விலை செத்துப்போகிறது. இனி நீங்கள் 92 என்று போனாலும் அது உங்கள் புதிய கேட்பு. ஏற்பதும் மறுப்பதும் அவர் இஷ்டம்.

"ஞாயிறு வரை" என்ற வாக்கையும் நம்பி இருக்காதீர்கள். டிக்கின்சன் எதிர் டாட்ஸ் (1876) வழக்கில், வெள்ளிக்கிழமை காலை 9 மணிவரை காத்திருப்பதாக எழுதிக்கொடுத்தவர் வியாழக்கிழமையே வேறொருவருக்கு விற்றுவிட்டார். காத்திருப்பதற்கென்று தனியாக எதுவும் பெற்றுக்கொள்ளாததால் அந்த வாக்கு அவரைக் கட்டுப்படுத்தவில்லை.

ஆனால் உங்கள் 85 இன்னும் உயிரோடு இருக்கிறது. எனக்குக் கவலை அதுதான். அவர் இன்றிரவு "சரி" என்று ஒரு வார்த்தை அனுப்பினால் என்ன ஆகும்? இங்கிலாந்தில் 1989ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீடு நிலம் விற்கும் ஒப்பந்தம் எழுத்தில் இருந்து இருவரும் கையெழுத்திட்டால்தான் செல்லும். எல்லா நாட்டிலும் அப்படியில்லை. வாய்ப்பேச்சையே நிரூபித்தால் ஏற்கும் நீதிமன்றங்களும் உண்டு. பத்திரத்தைப் பார்க்காமல் சொன்ன விலையை வைத்து எதற்கு வழக்கு? ஏற்கப்படும் முன் எந்த நேரமும் அதைத் திரும்பப் பெறலாம், ஆனால் அந்தச் செய்தி அவரை எட்டியிருக்க வேண்டும். இன்றே இப்படி அனுப்புங்கள்: "நான் சொன்ன 85ஐத் திரும்பப் பெறுகிறேன். பத்திரங்களைப் பார்த்தபின் புதிதாக எழுத்தில் சொல்கிறேன்." கோபித்துக்கொள்வார் என்று தயங்க வேண்டாம். எட்டு மாதம் காத்தவர் இன்னும் பத்து நாள் காப்பார்.

அந்தப் பத்து நாளில் விலைக்கு வருவோம். அக்கம்பக்கத்தில் என்ன கேட்கிறார்கள் என்று பார்க்காதீர்கள். சந்தை மந்தமாக இருக்கும்போது கேட்கிற விலைக்கு யாரும் வாங்குவதில்லை, அதனால்தான் அந்த விளம்பரங்கள் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கின்றன. அண்மையில் கைமாறிய வீடுகள் உண்மையில் என்ன விலைக்குப் போயின என்று விசாரியுங்கள். அது 86 என்று வந்து, கசிவைச் சரிசெய்ய ஒரு நல்ல கொத்தனார் 4 ஆகும் என்று எழுதிக்கொடுத்தால், உங்கள் உச்சவரம்பு 82. அதை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வீட்டிலேயே வைத்துவிட்டுப் பேசப் போங்கள். கொத்தனாரின் மதிப்பீட்டையும் சேர்த்துக் கொடுத்து 78இல் தொடங்கலாம். காரணத்தோடு சொல்லும் 78ஐ எதிராளி யோசிப்பார். வெறும் 70க்கு முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதனால் உங்கள் கணவர் சொல்வதில் பாதிதான் சரி.

நீங்கள் வீட்டுக்கடன் வாங்குவதாக இருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு. விலை, தங்கள் மதிப்பீடு இரண்டில் எது குறைவோ அதன் மேல்தான் வங்கிகள் பொதுவாகக் கடன் தரும். நீங்கள் 88க்குப் பேசி முடித்து, வங்கி 80 என்று மதிப்பிட்டால், 80 சதவீதக் கடன் என்பது 64தான். 70.4 வரும் என்று நினைத்திருப்பீர்கள். மீதி 6.4ஐ எங்கிருந்தாவது புரட்ட வேண்டும்.

இப்போது நீங்கள் அனுப்பிய நகல். முதல் பக்க ஓரத்தில் ஒரு கடன் நிறுவனத்தின் முத்திரை மங்கலாகத் தெரிகிறது. வீடு அடமானத்தில் இருக்கலாம். அப்படியென்றால் அவருடைய கடன் பாக்கிதான் இந்தப் பேரத்தின் தரை. பாக்கி 83 என்றால், கைக்காசு போடாமல் அவரால் 82க்கு வர முடியாது. அசல் பத்திரமும் வெளியே வராது. என் கட்சிக்காரர் ஒருவர் மூன்று வாரம் விலை பேசி ஓய்ந்த பிறகுதான், எதிராளி பிடிவாதம் பிடிக்கவில்லை, பாக்கியில் மாட்டியிருக்கிறார் என்று தெரிந்தது. பாக்கி எவ்வளவு என்று கடன் கொடுத்தவரிடமிருந்தே எழுத்தில் வாங்கித் தரச் சொல்லுங்கள். பாக்கி 50 என்றால் அவருக்கு இறங்க இடம் இருக்கிறது.

இரண்டாம் பக்கத்தைப் பாருங்கள்: வாங்கியவர்கள் என்று இரண்டு பெயர். உங்களிடம் பேசுவது ஒருவர்தான். மற்றவர் சம்மதிக்காத விலை எவ்வளவு மலிவானாலும் முழு வீடு உங்களுக்கு வராது.

ஆகவே புதிய விலையை வெறும் எண்ணாகச் சொல்லாதீர்கள். இருவர் கையெழுத்தும் வேண்டும், வில்லங்கம் இருக்கக் கூடாது, அடமானப் பாக்கி உங்கள் பணத்திலிருந்து நேரடியாகக் கடன் கொடுத்தவருக்கே போக வேண்டும், உங்கள் கடன் மறுக்கப்பட்டால் அட்வான்ஸ் முழுதும் திரும்ப வேண்டும், இந்தத் தேதிவரைதான் இது செல்லும் என்றெல்லாம் எழுதுங்கள். சந்தை சூடாக இருந்தால் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். இப்போது கேட்பார்கள். 82க்கு மேல் ஒன்றிரண்டு கொடுக்க நேர்ந்தாலும் இந்த நிபந்தனைகளை விட்டுக்கொடுக்காதீர்கள். அட்வான்ஸ், இவை கையெழுத்தான பிறகு, வங்கி வழியாக.

பத்திரத்தில் உள்ள இரண்டாவது நபர் இப்போது உயிரோடு இருக்கிறாரா என்று விசாரித்து எழுதுங்கள். இல்லையென்றால் அவருடைய வாரிசுகள் யார் யார் என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். ஒப்பந்தத்தில் யார் கையெழுத்திட வேண்டும் என்பதை அதன்பிறகே சொல்ல முடியும்.