வால்வு மாத்திரை சாப்பிடுவோர் கீரை சாப்பிடலாமா? ரத்தக்குழாய் கேள்விகளும் பதில்களும்

இதய வால்வு மாற்றியபின் அசிட்ரோம் சாப்பிடுகிறேன். கீரையைத் தொடவே கூடாது என்கிறார்களே?

தாராளமாகச் சாப்பிடலாம். அசிட்ரோமும் வார்ஃபரினும் வைட்டமின் கே-யின் வேலையைத் தடுத்துத்தான் ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்துகின்றன. கீரையில் அந்த வைட்டமின் ஏராளம். அளவு திடீரென்று ஏறுவதும் இறங்குவதும்தான் ஆபத்து. மாதம் முழுக்கத் தொடாமல் இருந்துவிட்டு, ஊரிலிருந்து வந்த முருங்கைக்கீரையை மூன்று நாள் பொரியலும் அடையுமாகச் சாப்பிட்டால் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) சரியும். வால்வில் ரத்தம் கட்டலாம். காய்ச்சலில் நான்கு நாள் வெறும் கஞ்சியோடு கிடந்தால் ஐஎன்ஆர் எகிறும். ஆன்டிபயாட்டிக்கும் சேர்ந்தால் இன்னும் ஏறும். துப்பும் எச்சிலில் ரத்தம், தார் போல் கறுத்த மலம், எங்கும் இடித்துக்கொள்ளாமலே நீலத் திட்டு, இவற்றில் எது வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வாரத்தில் இரண்டு நாள், அதே இரண்டு கரண்டி என்று ஒரு பழக்கம் வைத்துக்கொண்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரையின் அளவை அவர் அதற்கேற்ப அமைப்பார். சாப்பாட்டு முறை மாறினால் ஒரு வாரத்துக்குள் ஐஎன்ஆர் பாருங்கள். ரத்தம் உறைவதை வேறு வழியில் தடுக்கும் அபிக்ஸபான், ரிவராக்ஸபான் மாத்திரைகள் சாப்பிடுவோருக்குக் கீரைக் கணக்கு கிடையாது. ஆனால் உலோக வால்வுக்கு அவை ஆகாது. மாற்றித் தரச் சொல்லிக் கேட்காதீர்கள்.

சைவம். சர்க்கரைக்குப் பத்து வருடமாக மெட்ஃபார்மின். ஹோமோசிஸ்டீன் (ரத்தத்தில் கூடினால் இதய நோயோடு தொடர்புள்ளதாகச் சொல்லப்படும் அமினோ அமிலம்) அதிகம் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. ஃபோலிக் ஆசிட் போதுமா?

போதாது, அதை மட்டும் எடுப்பது கெடுதலும்கூட. உங்களுக்கு முதலில் பார்க்க வேண்டியது பி12. சைவ உணவில் அது பால், தயிரிலிருந்துதான் கொஞ்சம் கிடைக்கிறது. மெட்ஃபார்மின் நாளடைவில் அது உடலில் சேர்வதையும் குறைக்கும். பி12 குறைவாக இருக்கும்போது ஃபோலிக் ஆசிட் மட்டும் சாப்பிட்டால் ரத்தசோகை சரியானது போலத் தெரியும், உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே போகும். பாதம் மரத்துப்போவதைச் சர்க்கரையின் வேலை என்று நினைத்துவிடுவோம். பி12 ஏறினால் ஹோமோசிஸ்டீனும் இறங்கும். ஆனால் வைட்டமின் கொடுத்து அதை இறக்கிய பெரிய ஆய்வுகளில் மாரடைப்பு குறையவில்லை. ஆகவே பிரஷர், கொழுப்பு மாத்திரைகளை நிறுத்திவிடாதீர்கள்.

அடைப்பு வராமலிருக்க வைட்டமின் ஈ 400 போடலாமா?

வேண்டாம். 2000-ல் வெளியான ஹோப் ஆய்வில் 9,000-க்கும் மேற்பட்டோர் நாலரை வருடம் இதே அளவை எடுத்தும் இதயத்துக்குப் பலன் இல்லை. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்போருக்கு ரத்தக்கசிவும் கூடலாம். ஒரு கைப்பிடி வேர்க்கடலை போதும்.

பிரஷருக்கு இந்துப்பு நல்லதா? குறைந்த சோடியம் உப்பு?

இந்துப்பும் சோடியம் குளோரைடுதான், பிரஷருக்கு வித்தியாசமில்லை. நாளைக்கு 5 கிராம், அதாவது தலை தட்டிய ஒரு டீஸ்பூன், ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் சேர்த்து. குறைந்த சோடியம் உப்பில் சோடியத்தில் ஒரு பங்குக்குப் பதில் பொட்டாசியம் இருக்கும். அது ரத்தக்குழாயைத் தளர்த்தி பிரஷரை இறக்கும். ஆனால் சிறுநீரகம் பழுதானவர்களும், டெல்மிசார்டன், எனலாப்ரில், ஸ்பைரனோலாக்டோன் போன்ற பிரஷர் மாத்திரைகள் எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் வாங்கக் கூடாது. பொட்டாசியம் வெளியேறாமல் தேங்கினால் இதயத் துடிப்பே தடம் மாறும். இவர்கள் தினமும் இளநீர் குடிக்கும் பழக்கத்தையும் சொல்லிவிட வேண்டும்.

அப்பாவுக்கு 76 வயது. கையில் அடிக்கடி ஊதாத் திட்டு. வைட்டமின் சி குறைவா?

முன்கையில் மட்டும் என்றால் பெரும்பாலும் வயதால் தோல் மெலிந்ததுதான். காலைப் பாருங்கள். ஒவ்வொரு முடியின் வேரைச் சுற்றியும் சிவப்புப் புள்ளி, முடி சுருண்டு திருகியிருக்கிறது, ஈறு வீங்கிக் கசிகிறது என்றால் சி குறைவுதான். நுண்குழாயின் சுவரைத் தாங்கும் கொலாஜன் என்ற புரதம் வைட்டமின் சி இல்லாமல் உறுதிப்படாது. பல் இல்லாமல் மாதக்கணக்கில் கஞ்சியும் ரொட்டியுமாக இருப்பவர்களுக்கு வரும். 100 கிராம் கொய்யாவில் சுமார் 200 மில்லிகிராம் சி உண்டு, ஒரு நாள் தேவையைப் போல இரண்டு மடங்குக்கு மேல். மெல்ல முடியாவிட்டால் அரைத்து வடிகட்டி, சுடவைக்காமல் கொடுங்கள். ரத்தம் கட்டாமலிருக்கத் தரும் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் எடுக்கிறாரா என்பதையும் பாருங்கள். திட்டுக்கு அவையும் காரணமாகலாம். ஆனால் நீங்களாக நிறுத்தக் கூடாது.