தலைக்கு மேல் ஐந்து பேர், கையில் ஒரு ரன் ஷீட்

கேள்வி: கூரியர் ஹப் ஒன்றில் டெலிவரி வேலை. ஷிஃப்ட் இன்சார்ஜ், டீம் லீட், ஹப் மேனேஜர், கிளஸ்டர் மேனேஜர், போதாக்குறைக்கு வெண்டர் (எங்களை வேலைக்கு எடுத்த ஒப்பந்ததாரர்) சூப்பர்வைசர் என்று தலைக்கு மேல் ஐந்து பேர். கைக்கே வராத ஒரு பார்சலுக்காகச் சம்பளத்தில் 2,340 ரூபாய் பிடித்துவிட்டார்கள். யாரைக் கேட்டாலும் ‘மேலே அனுப்பியாச்சு’ என்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகர், கோவை

பதில்: ஐந்து பேர் இருந்தாலும் பிடித்தத்தை ரத்து செய்யும் அதிகாரம் பெரும்பாலும் ஒருவரிடம்தான் இருக்கும். மற்றவர்கள் டெலிவரி ஆகாமல் பெண்டிங்கில் இருக்கும் அதே எண்ணிக்கையை ஆளுக்கொரு திரையில் பார்ப்பவர்கள். பதினோரு மணிக்கு ‘ஏன் இன்னும் முடியலை’ என்று வரிசையாக ஃபோன் வருவது அதனால்தான். ‘பணம் எப்போது வரும்’ என்று கேட்டால் பதில் கிடைக்காது. டெபிட் போட்டது யார், எந்த ஏர்வே பில்லுக்கு (பார்சலின் அடையாள எண்), ரத்து செய்ய யார் ஒப்புதல் வேண்டும் என்று வெண்டருக்கும் ஹப் மேனேஜருக்கும் ஒரே மின்னஞ்சலில் கேளுங்கள். தனித்தனியாக எழுதினால் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள்.

வராத பார்சல் உங்கள் பெயரில் ஏறுவது எப்படி? லாரியில் வரும் மூட்டையை மட்டும் ஸ்கேன் செய்துவிட்டு, உள்ளே இருக்க வேண்டியதெல்லாம் வந்ததாகக் கணக்கு வைக்கும் ஹப்புகள் உண்டு. ரன் ஷீட்டையும் (அன்று நீங்கள் கொண்டுபோகும் பார்சல்களின் பட்டியல்) அப்படியே மொத்தமாகப் போட்டால், இல்லாத பார்சலுக்கும் நீங்கள்தான் பொறுப்பு. ரன் ஷீட்டில் 62 என்றால் கையால் எண்ணுங்கள். 61 இருந்தால், வண்டியை எடுக்கும் முன்பே ‘ஷார்ட்’ என்று ஏர்வே பில் எண்ணோடு இன்சார்ஜுக்குத் தனியாக வாட்ஸ்அப் அனுப்பி, பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். குழுவில் மட்டும் போட்டால் மாலைக்குள் குட்மார்னிங் படங்களுக்கு அடியில் புதைந்துவிடும்.

இன்னொன்று: எண்ணிக்கையைக் காட்டுவதற்காக, போகாத வீட்டுக்கும் ‘கஸ்டமர் இல்லை’ என்று போடச் சொல்வார்கள். போடாதீர்கள். வாடிக்கையாளர் புகார் செய்தால் உங்கள் ஐடிதான் நிற்கும். சொன்னவர் வாய்வார்த்தையாகத்தானே சொன்னார்!

2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, உங்கள் பொறுப்பில் ஒப்படைத்த பொருள் உங்கள் கவனக்குறைவால் நேரடியாகத் தொலைந்திருந்தால்தான் பிடிக்கலாம். அதற்கும் முன்பாக உங்கள் விளக்கத்தைக் கேட்க வேண்டும். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. எழுத்தில் பதில் வராவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுங்கள். 3 ஆண்டு அவகாசம் உண்டு. ரன் ஷீட் ஸ்கிரீன்ஷாட், காலை வாட்ஸ்அப், சம்பள ரசீது மூன்றையும் இணையுங்கள். சம்பள ரசீதில் பிடித்தம் தனி வரியாக இல்லாமல் ‘இதர’ என்று இருந்தால், அதையே முதல் கேள்வியாக்குங்கள்.

கேள்வி: வெண்டர் மாறிவிட்டார், வேலை அதே ஹப்பில்தான். பழைய பி.எஃப். பணம் மாறவில்லை. யாரைப் பிடிப்பது?
– வாசகர், திருவள்ளூர்

பதில்: முதலில் யாரையும் பிடிக்க வேண்டாம், பாஸ்புக்கைப் பாருங்கள். பழைய வெண்டர் நீங்கள் விலகிய தேதியைப் பதியாமல் விட்டிருக்கலாம். கடைசியாகப் பணம் செலுத்திய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழிந்திருந்தால், பி.எஃப். உறுப்பினர் இணையதளத்தில் நீங்களே அந்தத் தேதியைப் பதியலாம். அதற்கு ஆதாரில் இணைந்த செல்ஃபோன் எண் உயிரோடு இருக்க வேண்டும். புதிய வெண்டர் அதே யு.ஏ.என். எண்ணைத்தான் (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) பயன்படுத்துகிறாரா என்றும் பாருங்கள். புது எண் போட்டிருந்தால் பணம் இரண்டு கணக்கில் கிடக்கும்.