ஐஸ் ஹொக்கியில் டிஃபென்ஸ்: ஊரிலிருந்து வந்த கேள்விகள்

பெண்கள் ஐஸ் ஹொக்கியில் டிஃபென்ஸ், அதாவது பின்னுக்கு நின்று எதிரணியை மறிக்கிற இடத்தில், விளையாடுவது பற்றி வந்த கேள்விகளும் பதில்களும். கனடாவில் வளரும் பிள்ளைகளுக்காகக் கேட்டவையே அதிகம்.

சுன்னாகம்: தங்கச்சியின்ர மகளுக்கு 12 வயது, பிரம்டனில விளையாடுறாள். முன்னுக்கு நிண்டவளைக் கோச் டிஃபென்சுக்கு மாத்திப் போட்டார். கோல் அடிக்கேலாத இடத்தில விட்டுட்டினமோ எண்டு தாய்க்குக் கவலை.

தாயைக் கவலைப்பட வேண்டாமென்று சொல்லுங்கோ. பெண்களுக்கான தொழில்முறை லீக்காகிய பிடபிள்யூஎச்எல் 2024 ஜனவரி 1 அன்று ரொறொன்ரோவில் தொடங்கியபோது முதல் கோலை அடித்தவர், நியூயோர்க் அணியின் டிஃபென்ஸ் வீராங்கனை எல்லா ஷெல்டன். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் கனடாவின் கிளேர் தொம்சன் கோலும் பாஸும் சேர்த்து 13 புள்ளி எடுத்தார். அதற்கு முன் எந்தப் பெண் டிஃபென்ஸ் வீராங்கனையும் ஒரு ஒலிம்பிக்கில் அவ்வளவு எடுத்ததில்லை.

ஒரு கணக்கும் இருக்கிறது. 60 நிமிட ஆட்டத்தில் டிஃபென்சில் இரண்டு இடம், அதை ஆறு பேர் பங்குபோடுவார்கள்: ஆளுக்கு 20 நிமிடம். முன்வரிசையில் மூன்று இடம், 12 பேர்: ஆளுக்கு 15 நிமிடம். பின்னுக்கு நிற்கிற பிள்ளைதான் கூட நேரம் ஐஸில் நிற்கிறாள். ஆனாலும் 12 வயதில் ஒரே இடத்தில் கட்டிப்போட வேண்டாம். இரண்டு வருசத்துக்கு இரண்டு இடத்திலும் விளையாட விடச் சொல்லிக் கோச்சைக் கேட்கலாம்.

கொக்குவில்: பொம்பிளைப் பிள்ளையளின்ர ஆட்டத்தில இடிக்கக் கூடாதாம். அப்ப எப்பிடி மறிக்கிறது?

இடித்து விழுத்தினால் 2 நிமிடம் வெளியே இருக்க வேண்டும். 1990 இல் ஒட்டாவாவில் நடந்த முதல் உலக சம்பியன்ஷிப்பில் இடி இருந்தது, பிறகு எடுத்துவிட்டார்கள். பிடபிள்யூஎச்எல்லில் பக்கை (பந்துக்குப் பதிலாய் ஐஸில் சறுக்கும் ரப்பர் வட்டை) எடுக்கிற முயற்சியோடு, ஐஸைச் சுற்றியுள்ள பலகை ஓரத்தில் இடிக்க ஓரளவு விடுகிறார்கள். சிறுமியர் ஆட்டத்தில் அது இல்லை.

மறிப்பது இடைவெளியாலும் கோணத்தாலும். வலைப்பந்து விளையாடியவர்களுக்கு இது கெதியாப் பிடிபடும். அங்கே பந்து வைத்திருப்பவளிடமிருந்து 3 அடி தள்ளி நில் என்று விதியே சொல்லிவிடும். இங்கே அந்தத் தூரத்தை, பின்பக்கமாய்ச் சறுக்கிக்கொண்டே, நாங்களாய்ப் பிடிக்க வேண்டும். பக்கோடு வருகிறவளுக்கும் எங்களுக்கும் இடையில் நடுக்கோட்டில் இரண்டு ஸ்டிக் நீளம் விடலாம். எங்கட நீலக்கோட்டுக்கு (எங்கட கோல் பக்கப் பகுதி தொடங்கும் கோட்டுக்கு) வரும்போது அது ஒரு ஸ்டிக் நீளமாய்ச் சுருங்கியிருக்க வேண்டும். அதைவிடக் கூடினால் அவள் நின்று நிதானமாய் அடிப்பாள், குறைந்தால் ஒரு வெட்டில் தாண்டிப் போவாள்.

எங்கட வெளித்தோள் (பலகைப் பக்கத் தோள்) அவளின் உள்தோளுக்கு (நடுப்பக்கத் தோளுக்கு) நேரே இருக்கட்டும். அப்போது நடுப்பாதை அடைபட்டு, பலகைப் பக்கம் மட்டும் திறந்திருக்கும். அவளாகவே அங்கே போவாள், போகப் போக இடம் ஒடுங்கும். பக்கைப் பார்க்காமல் நெஞ்சைப் பார்க்க வேண்டும். பக் ஏமாற்றும், நெஞ்சு போகிற பக்கம்தான் ஆளும் போவாள். ஸ்டிக்கை ஒரு கையில் பிடித்து, முழங்கையைக் கொஞ்சம் மடித்து, அலகை ஐஸில் வைத்திருக்க வேண்டும். முதலிலேயே கையை முழுக்க நீட்டிவிட்டால் பக்கைக் குத்தித் தள்ளுவதற்கு நீளம் மிச்சமிராது.

மானிப்பாய்: பெறாமகள் மூலைக்குப் பக் எடுக்கப் போனால் ஒவ்வொரு முறையும் பறிகொடுக்கிறாள். வேகம் காணாதோ?

வேகத்தில் பிழை இருக்காது, பார்வையில்தான் இருக்கும். திரும்பி ஓடத் தொடங்கும்போது ஒருமுறை, பக்கைத் தொடுவதற்குச் சற்று முன் இன்னொரு முறை, தோளுக்கு மேலால் பின்னுக்குப் பார்க்க வேண்டும். முதல் பார்வையில் எத்தனை பேர் துரத்துகிறார்கள் என்று தெரியும், இரண்டாவதில் எந்தப் பக்கத்தால் வருகிறார்கள் என்று தெரியும். அதிகமான பிள்ளைகள் முதலாவதோடு விட்டுவிடுவார்கள்.

பலகைக்கு நேரே முகம் கொடுத்துப் போய் நிற்கவே கூடாது. பக்கும் போகும், பின்னாலிருந்து தள்ளுப்பட்டால் கழுத்துக்கும் ஆபத்து. சரிவாய்ப் போய், இடுப்பைத் துரத்துகிறவளுக்கும் பக்குக்கும் நடுவில் வைத்து, காலை நிறுத்தாமல் எடுக்க வேண்டும்.

மிச்சம் பாதி, கூட டிஃபென்சில் நிற்கிற சோடிக்காரியின் வேலை. அவள் சத்தம் போட வேண்டும்: தன்னிடம் தா என்றால் "ஓவர்", கோலுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு ஓடு என்றால் "வீல்", துரத்துகிறவள் கிட்டவந்துவிட்டாள், வந்த பக்கமே திருப்பி விடு என்றால் "ரிவர்ஸ்". வாய் திறக்காத சோடி எவ்வளவு கெட்டிக்காரியாய் இருந்தும் பிரயோசனமில்லை.

நல்லூர்: வளருற பிள்ளைதானே, சப்பாத்து ரெண்டு சைஸ் பெரிசா வாங்கலாமோ?

வேண்டாம். ஸ்கேட், சாதாரணச் சப்பாத்தைவிட ஒன்று முதல் ஒன்றரை சைஸ் சின்னதாய் வரும். நிமிர்ந்து நின்றால் பெருவிரல் நுனியில் மெல்லத் தொட வேண்டும், முழங்காலை மடித்தால் விலக வேண்டும். பெரிசாய் வாங்கினால் குதி உள்ளே ஆடும், கணுக்கால் மடியும், பின்பக்கமாய்த் தள்ளுவதற்கு வேண்டிய உள்விளிம்பு ஐஸைப் பிடிக்காது.

ஸ்கேட்டின் அலகைக் கூராக்கும்போது குழிவின் ஆரம் அரை அங்குலம் என்று சொல்லித் தொடங்கலாம். ஸ்கேட்டோடு நிற்கையில் ஸ்டிக் நாடி வரை இருக்கட்டும். டிஃபென்சுக்குக் கொஞ்சம் நீளம் கூடினாலும் நல்லதுதான். ஸ்டிக்கை வெட்டினால் விறைப்புக் கூடும் என்பதை மறக்க வேண்டாம்.

பருத்தித்துறை: இதில உழைச்சுச் சீவிக்கேலுமோ? படிப்பு என்னாகும்?

பிடபிள்யூஎச்எல்லின் 2023 ஒப்பந்தப்படி ஆகக் குறைந்த சம்பளம் வருசத்துக்கு 35,000 அமெரிக்க டொலரில் தொடங்கியது. ஒவ்வொரு அணியும் குறைந்தது ஆறு பேருக்கு 80,000 அல்லது அதற்கு மேல் கொடுக்க வேண்டும். ஆறு அணிகளோடு தொடங்கி, 2025 இல் வன்கூவரும் சியாற்றிலும் சேர்ந்து எட்டானது. அப்போது அணிக்கு 23 பேர். லீக் முழுவதுக்கும் 200 இடம்கூட இருக்கவில்லை.

அதனால் முதல் வருமானம் பல்கலைக்கழக உதவித்தொகைதான் என்று எண்ணுவது புத்தி. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் முதற்பிரிவு அணிகளுக்குப் போக உயர்நிலைப் பள்ளியில் 16 முக்கிய பாடங்கள் முடித்திருக்க வேண்டும், அதில் 10 கடைசி வருசத்துக்கு முன்பே. ஒன்பதாம் வகுப்பிலேயே பாடத்தெரிவைப் பார்க்காத வீடுகள்தான் கடைசியில் ஓடித்திரிவது. பிரின்ஸ்டன் போன்ற ஐவி லீக் (அமெரிக்காவின் பழைய, பேர்பெற்ற எட்டுப் பல்கலைக்கழகங்கள்) இடங்களில் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது, குடும்ப வருமானத்தைப் பார்த்தே கொடுப்பார்கள்.

மேலே சொன்ன கிளேர் தொம்சன் பிரின்ஸ்டனில் படித்தவர். மருத்துவப் படிப்புக்காக லீக்கின் முதல் வருசத்தையே விட்டு, அடுத்த வருசம் வந்து சேர்ந்தார். டொக்டர் கனவோடு இருக்கிற அம்மாக்களிடம் இதைச் சொல்லலாம்.

சாவகச்சேரி: தலையில அடிபட்டா?

அன்றைக்கு விளையாட்டு முடிந்தது. "சுகமாய்த்தான் இருக்கு" என்று பிள்ளை சொன்னாலும் இறக்கக் கூடாது. வைத்தியர் அனுமதித்த பிறகு படிப்படியாய்த்தான் திரும்ப வேண்டும். முகக்கம்பியும் கழுத்துக்காப்பும் பயிற்சியிலும் கழற்றக் கூடாது.

யாழ் நகர்: இஞ்ச இருக்கிற பிள்ளை ஏதும் தொடங்கேலுமோ?

ஐஸ் இல்லாமல் சறுக்கல் வராது. இந்தியப் பெண்கள் அணியில் அதிகம் பேர் லடாக்கிலிருந்து வருவதும் அங்கே மாரியில் குளம் உறைவதால்தான். ஆனால் இங்கே பள்ளியில் ஹொக்கி விளையாடுகிற பிள்ளையிடம் ஒரு முதல் இருக்கிறது. மைதான ஹொக்கி ஸ்டிக்கில் இடக்கை மேலே, வலக்கை கீழே, வேறு விதமாய்ப் பிடிக்க வழியில்லை. ஐஸ் ஹொக்கியில் அதுதான் வலப்பக்க ஸ்டிக். கனடாவில் அதிகம் பேர் இடப்பக்கம் பிடிப்பதால், வலப்பக்க டிஃபென்சுக்கு ஆள் தேடுவார்கள். வலது பலகையோரம் வரும் பக்கை அவளால் முன்கையாலேயே எடுத்து நடுவுக்கு அனுப்ப முடியும்.

அங்கே போகிற எண்ணம் இருந்தால் முதல் ஸ்டிக் வாங்கும்போது வலப்பக்கம் என்றே கேட்கட்டும். வலக்கைக்காரி என்று கேள்விப்பட்டதும் கடைக்காரர் இடப்பக்க ஸ்டிக்கை எடுத்து நீட்டுவார், வலக்கை மேலே இருக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். வாங்காமல் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கோ.