டிஸ்லெக்சியா உள்ள மகனுக்கு வேலை: நிறுவனத்திடம் சொல்லலாமா, மறைக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 23 வயது. எட்டாம் வகுப்பில் டிஸ்லெக்சியா என்று கண்டறிந்தார்கள். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. நான்கு நிறுவனங்களில் எழுத்துத் தேர்வோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஓர் உதிரிபாகக் கிடங்கில் கிடைத்த வேலையும், பாக எண்களை மாற்றிப் படித்ததால் இரண்டே மாதத்தில் போய்விட்டது. அவனுக்கு இட ஒதுக்கீடு உண்டா? குறைபாட்டை வெளியே சொல்லலாமா? (ஒரு தாய், ஓசூர்)

பதில்: அம்மா, உங்கள் மகன் இயந்திரத்தின் முன் நின்று தடுமாறினான் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை; தடுமாறிய இடமெல்லாம் தாளும் எழுத்தும்தான். டிஸ்லெக்சியா அறிவுக் குறைவு அன்று. எழுத்தையும் அதன் ஒலியையும் விரைந்து இணைப்பதில் மூளைக்கு உள்ள சிரமம் அது, பள்ளியோடு முடிந்துவிடுவதில்லை. எனவே வாசிப்பு வேகத்தை அளக்கும் தேர்வை வாசலில் வைக்காத வேலைகளை முதலில் தேடுவதே சரியான வழி என்று கருதுகிறேன்.

சட்டத்தைப் பொறுத்தவரை, 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், டிஸ்லெக்சியா அடங்கும் ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும்’ 21 வகைக் குறைபாடுகளுள் ஒன்றாக ஏற்றுள்ளது. அரசுப் பணியிடங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீதத்தில், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகிய அனைத்துக்கும் சேர்த்து 1 சதவீதம்தான் கிடைக்கிறது. அதுவும் தகுந்தவை என அடையாளம் காணப்பட்ட பணியிடங்களில் மட்டுமே. ஒதுக்கீட்டைப் பெற, குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பதாக மருத்துவச் சான்று வேண்டும். பள்ளிக் காலத்துச் சான்று மட்டும் போதாது. 18 வயதில் மறுமதிப்பீடு செய்து பெறும் சான்றே நிலையானது என்பதால், மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு (யூடிஐடி) விண்ணப்பித்து, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தின் வழியாக மருத்துவக் குழுவின் முன் அவனை அழைத்துச் செல்லுங்கள். சதவீதம் குறைவாக வந்தாலும் மனம் தளர வேண்டாம். எழுதுவதில் சிரமம் உள்ளவர்கள் 40 சதவீதத்துக்குக் கீழ் இருந்தாலும், தேர்வில் சொல்வதை எழுதும் உதவியாளரையும் ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடக் கூடுதல் நேரத்தையும் கேட்க மத்திய அரசின் தேர்வு நெறிமுறைகள் இடம் தருகின்றன.

தனியார் நிறுவனங்களை இந்த ஒதுக்கீடு கட்டுப்படுத்தாது. ஆனாலும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வகுத்து வெளியிட வேண்டிய கடமை அவற்றுக்கும் உண்டு. விண்ணப்பிக்கும் முன் அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். குறைபாட்டைச் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அந்தச் சட்டத்தில் இல்லை. இருந்தும், சொல்வதே நல்லது என்பது என் கருத்து. மறைத்து வேலைக்குச் சேர்ந்தவர் செய்யும் பிழை கவனக்குறைவாகவே எண்ணப்படும். கிடங்கில் உங்கள் மகனுக்கு நேர்ந்ததும் இதுவாகவே இருக்கலாம். ஆனால் குறைபாட்டின் பெயரை மட்டும் சொல்லி நிறுத்தினால் கேட்பவருக்கு அச்சமே மிஞ்சும், ஆகவே தேவை என்ன என்பதையும் கூடவே சொல்ல வேண்டும்.

அந்தக் கிடங்கையே எடுத்துக்கொள்வோம். 40689653 என்று நெருக்கமாக அச்சிட்ட எண்ணில் 6-ம் 9-ம் இடம் மாறுவது எளிது. அதையே 406 896 53 என்று இடைவெளி விட்டு, பெரிய எழுத்தில் அச்சிட்டு, அடுக்குக்கு ஒரு நிறம் ஒட்டி, பட்டியலில் வரிக்குக் கீழே ஓர் அட்டையை வைத்துக்கொண்டு படித்தால் பிழை வெகுவாகக் குறையும். பார்கோடு கருவி இருந்தால் எண்ணைப் படிக்கவே தேவையில்லை. செலவு என்று சொல்ல இதில் ஒன்றுமில்லை; சட்டம் ‘நியாயமான வசதி’ என்று குறிப்பிடுவது இத்தகைய ஏற்பாடுகளைத்தான்.

அடுத்து, தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) பயிற்சி. டிப்ளமோ முடித்தவர்களுக்கான ஓராண்டுப் பயிற்சியைச் சென்னை தரமணியில் உள்ள தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் கவனிக்கிறது. மதிப்பெண், சான்றிதழ், நேர்காணல் ஆகியவற்றைக் கொண்டே ஆள் எடுக்கும் நிறுவனங்கள் இதில் பல உள்ளன. ஓராண்டு கையால் செய்து காட்டிய வேலை, அடுத்த நிறுவனத்தில் அவனுக்காகப் பேசும். ஆனால் படித்து முடித்துச் சில ஆண்டுகளுக்குள் சேர வேண்டும் என்ற வரம்பு உண்டு. ஏற்கெனவே இரண்டு ஆண்டுகள் போய்விட்டதால், மருத்துவச் சான்று வரும்வரை காத்திராமல் இந்த வாரமே பதிவு செய்துவிடுங்கள்.

நேர்காணலில் சொல்ல வேண்டியதை வீட்டில் அவன் வாயாலேயே சொல்லிப் பழகட்டும்: “எனக்கு டிஸ்லெக்சியா இருக்கிறது. எழுத்தில் தரும் வேலைக் குறிப்பை ஒருமுறை வாயாலும் சொல்லிவிடுங்கள். எண்களைப் பெரிதாக அச்சிட்டுத் தாருங்கள். லேத்தில் எந்த வேலை வேண்டுமானாலும் இப்போதே செய்து காட்டுகிறேன்.”