ஜப்பானியக் கிறிஸ்தவச் சிந்தனை படித்தால் வேலை கிடைக்குமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

வரலாற்றில் பி.ஏ. முடித்த மகள், ஜப்பானின் தேசியவாதக் கிறிஸ்தவத்தில் வெளிநாட்டு இறையியல் எப்படிக் கலந்தது என்று ஆராயப் போகிறேன் என்றதும் உங்களுக்குத் தூக்கம் போய்விட்டது. நூற்றுக்கு ஒருவர்தான் கிறிஸ்தவர் என்ற நாட்டில் இதைப் படித்து என்ன ஆகப்போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அவள் எதைப் பார்த்து மயங்கினாள் என்று சொல்கிறேன். ஜப்பானின் சாப்போரோ வேளாண் கல்லூரியில் அமெரிக்கரான வில்லியம் கிளார்க் இருந்தது ஏறக்குறைய எட்டு மாதம்தான். இயேசுவைப் பின்பற்றுவோம் என்று அவர் எழுதிவைத்துப் போன விசுவாச உடன்படிக்கையில், அவர் போன பிறகு சேர்ந்த மாணவர் உச்சிமுரா கன்சோவும் கையெழுத்திட்டார். பிற்காலத்தில் பெரிய கிறிஸ்தவச் சிந்தனையாளர் ஆனவர் இவர். அப்புறம் அமெரிக்காவின் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் படித்துத் திரும்பினார். 1891-ல் பேரரசரின் கல்வி ஆணைக்கு முன் ஆழ்ந்து வணங்கவில்லை என்பதற்காக ஆசிரியர் வேலை போனது, துரோகி என்ற பழியும் வந்தது. ஆனால் இயேசு, ஜப்பான் இரண்டையும் நேசிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தவர் அவர்.

கிறிஸ்தவப் போதகரான எபினா டான்ஜோவும் ஓர் அமெரிக்கரிடம்தான் கற்றார், குமமோட்டோவில் கேப்டன் ஜேன்ஸிடம். 1904-ல் ரஷ்யாவோடு போர் மூண்டபோது எபினா ஆதரித்தார், உச்சிமுரா எதிர்த்தார். இருவருக்கும் அமெரிக்க ஆசிரியர், இருவருக்கும் தேசப்பற்று, முடிவு மட்டும் நேர் எதிர். வந்த கருத்தை விட, அதை வாங்கிக்கொண்டவர் என்ன செய்தார் என்பதே இங்கே பெரிய கேள்வி. பிற்பாடு ஜெர்மன் லிபரல் இறையியலும், சுவிஸ் இறையியலாளர் கார்ல் பார்த் என்பவரின் சிந்தனையும் ஜப்பானுக்கு வந்து சேர்ந்தன. 1941-ல் அரசின் அழுத்தத்தில் 30-க்கும் மேற்பட்ட புராட்டஸ்டன்ட் சபைகள் ஒன்றாக்கப்பட்டன. இதெல்லாம் மதப் பாடம் மட்டுமல்ல, அரசியல் வரலாறும்கூட.

சரி, வேலை. நேராகச் சொல்கிறேன்: இந்தத் துறைக்கென்று நம் நாட்டில் ஆசிரியர் பணியிடங்கள் மிகக் குறைவு, முனைவர் பட்டம் இல்லாமல் நுழைவதும் கடினம். அதனால் மொழியை முன்னால் வையுங்கள். ஜப்பானிய மொழித் தேர்வு என்5-ல் தொடங்கி என்1 வரை ஐந்து படி. சென்னையிலேயே எழுதலாம். என்2 வரை வந்துவிட்டால், ஆராய்ச்சி பாதியில் நின்றாலும் மொழிபெயர்ப்பு வேலைக்கு வழி உண்டு. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜப்பானிய நிறுவனங்கள் இருக்கின்றன. உச்சிமுரா காலத்து எழுத்து நடை இன்றைய ஜப்பானிய மொழி அல்ல, அதைத் தனியாகக் கற்க வேண்டும். அந்தப் பொறுமை அவளுக்கு இருக்கிறதா என்று ஓராண்டிலேயே தெரிந்துவிடும்.

அந்த ஓராண்டில் ஏஜென்டுகளுக்குப் பணம் கட்டாதீர்கள். ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகைக்குத் தூதரகம் வழியாக நேரடியாக விண்ணப்பிக்கலாம். கல்விக் கட்டணமும் மாதச் செலவும் அதில் அடங்கும். கியோட்டோவின் தோஷிஷா பல்கலைக்கழகத்தில் இறையியல் துறையே இருக்கிறது.

முதல் கட்டுரைக்கு அவள் கடல் தாண்ட வேண்டியதில்லை. 1938-ல் தாம்பரத்தில் நடந்த உலக மிஷனரி மாநாட்டுக்கு ஜப்பானிலிருந்து கிறிஸ்தவச் சமூகத் தொண்டர் ககாவா தோயோஹிகோ வந்திருந்தார். அங்கிருந்து தொடங்கட்டும். அடுத்த முறை என்னைப் பார்க்க வரும்போது, ஒரு பக்கத்தில் எழுதிக் கொண்டுவரச் சொல்லுங்கள்.